3×7 மலைச் சைக்கிளை 1×10 ஆக மாற்றுதல்: எந்தப் பாகம் எதனுடன் சேரும்?

கேள்வி
எழுதியவர்: ஏற்காட்டுச் சாலை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் வசிக்கிறேன். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டுக்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கும் சைக்கிளில் ஏறுகிறேன். மேலே போன பிறகு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் மண்பாதைகளில் ஓட்டுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தமானது.

என் சைக்கிள் ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தொடக்கநிலை மலைச் சைக்கிள். 27.5 அங்குலச் சக்கரம், அலுமினியச் சட்டகம், முன் சக்கரத்தைத் தாங்கி 100 மி.மீ. அசையும் சுருள்வில் ஃபோர்க், 160 மி.மீ. வட்டுகளுடன் கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக் ஆகியவை அதில் உள்ளன. முன்புறம் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று வளையங்களும், பின்புறம் 14 முதல் 34 வரையிலான ஏழு பல்சக்கரங்களும் இருக்கின்றன. கியர் மாற்றும் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கின்றன.

முன்புறம் ஒரே வளையம், பின்புறம் பத்துப் பல்சக்கரங்கள் என்ற அமைப்புக்கு மாற வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. சென்ற மாதம் தள்ளுபடி விலையில் கிடைத்ததால், முழுமையாக விசாரிக்காமலேயே ஷிமானோ டியோர் எம்4120 பின் டெரெய்லரையும் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்), அதே வரிசையைச் சேர்ந்த 11-42 பத்து வேகக் கேசட்டையும் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு) வாங்கிவிட்டேன். கேசட் என் சக்கரத்தில் ஏறாது, சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். மற்றொருவர், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் சிறு வேலை செய்தால் ஏற்றிவிடலாம் என்கிறார். யார் சொல்வது சரி? பணம் சேரும்வரை பழைய ஏழு வேக ஷிஃப்டரையே புதிய டெரெய்லருடன் பயன்படுத்தலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள 120 மி.மீ. காற்று ஃபோர்க்கை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். அதன் தண்டு மேலே மெல்லியதாகவும் கீழே தடித்ததாகவும் இருக்கிறது. அது என் சட்டகத்தில் பொருந்துமா?

மறுமொழி 1
எழுதியவர்: கோவைப் பட்டறை

வணக்கம். இருபது ஆண்டுகளாகச் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் கடைக்காரர் சொன்னதே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை நீங்களே ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

பின் சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள். கழற்றும் கருவியைச் செருகுவதற்கான வரிப்பள்ளங்கள் அச்சை ஒட்டி நடுவில் தெரியும். பற்களோடு சேர்ந்து அந்தப் பள்ளங்களும் சுழன்றால் உங்களிடம் இருப்பது கேசட். பற்கள் மட்டும் சுழன்று பள்ளங்கள் அசையாமல் நின்றால் அது ஹப்பின் மரையில் திருகப்பட்ட ஃபிரீவீல். 14-34 என்ற ஏழு வேக அமைப்பு பெரும்பாலும் ஃபிரீவீலாகவே வருகிறது என்பதால், உங்களுடையதும் அதுவாகவே இருக்கும் என்று கருதுகிறேன். ஃபிரீவீல் அமைப்பில் டக் டக் என்று ஒலிக்கும் பொறி பல்சக்கரத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. கேசட் அமைப்பில் அது ஹப்பின் பகுதியாகிய ஃபிரீஹப்பில் இருக்கிறது. கேசட் என்பது அதன் மேல் செருகும் வெறும் பற்களின் அடுக்கு மட்டுமே. ஆகவே மரையிட்ட ஹப்பில் எந்தச் சிறு வேலை செய்தாலும் கேசட் ஏறாது.

இதற்காக வருத்தப்பட வேண்டாம். பாதையை விட்டு இறங்கி ஓட்டுபவர்களுக்கு, வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இந்தச் சக்கரத்தை மாற்றுவது பயனுள்ளது. ஃபிரீவீல் ஹப்பில் வலப்புற பேரிங் பல்சக்கரங்களுக்கு உட்புறமாக அமைந்திருப்பதால், அச்சின் வலப்பகுதி நீண்ட தூரத்துக்குத் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. கற்களின் மேல் குதித்து இறங்கும்போது அந்த இடத்தில்தான் அச்சு வளைகிறது, சில வேளைகளில் முறிகிறது. என் பட்டறைக்கு வரும் வளைந்த அச்சுகளில் பெரும்பாலானவை இவ்வகை ஹப்புகளிலிருந்து வந்தவையே. ஃபிரீஹப்பில் பேரிங் வெளியே சட்டகத்தின் பக்கமாகத் தள்ளி அமைந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைகிறது.

வாங்க வேண்டியது, 135 மி.மீ. அகலமும் விரைவுப் பிடி அச்சும் கொண்ட, 8, 9, 10 வேகங்களுக்கான ஷிமானோ ஹெச்ஜி ஃபிரீஹப் உள்ள 27.5 அங்குலச் சக்கரம். சட்டகத்தின் இரு பின் கால்களுக்கு இடையிலுள்ள உள் அகலத்தை முதலில் அளந்து, அது 135 தானா என்று பார்த்துவிடுங்கள். 12 மி.மீ. தடிமனான ஊடச்சுடன் வரும் 142 அல்லது 148 மி.மீ. ஹப்புகள் விலை மலிவாகக் கிடைத்தாலும் அவை உங்கள் சட்டகத்துக்கு உரியவை அல்ல. மைக்ரோ ஸ்பிளைன், எக்ஸ்டி என்ற பெயர்களில் வரும் ஃபிரீஹப்புகளும் வேண்டாம். அவை 10 பல்லில் தொடங்கும் கேசட்டுகளுக்காக உருவானவை. உங்கள் கேசட் 11 பல்லில் தொடங்குகிறது. இப்போதுள்ள வட்டு ஆறு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்தால், புதிய ஹப்பும் ஆறு போல்ட் உடையதாக இருக்கட்டும். அப்படியானால் வட்டை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது ஷிஃப்டர். பழையதைப் புதிய டெரெய்லருடன் பயன்படுத்த முடியாது என்பதே சுருக்கமான பதில். காரணத்தைத் தெரிந்துகொண்டால் இனி எந்தப் பாகத்தை வாங்கும்போதும் ஏமாற மாட்டீர்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஷிஃப்டர் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு குறிப்பிட்ட நீளம் கேபிளை இழுக்கிறது. டெரெய்லர் அந்த நீளத்தை ஒரு விகிதத்தில் பெருக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. அந்த நகர்வு, அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு இடையிலுள்ள தொலைவுக்குச் சமமாக இருந்தால்தான் செயின் சரியான இடத்தில் உட்காரும். ஷிமானோவின் 6 முதல் 9 வேகம் வரையிலான பழைய வரிசைகளில் இந்த விகிதம் ஏறத்தாழ 1.7. பத்து வேக மலைச் சைக்கிள் வரிசையில் அதை ஏறத்தாழ 1.2 ஆகக் குறைத்து, கேபிளை அதிகம் இழுக்கும்படி ஷிஃப்டரை மாற்றினார்கள். சேறும் துருவும் சேர்ந்து கேபிளில் சிறிது தடை ஏற்பட்டாலும் கியர் பிசகாமல் இருக்க இது உதவுகிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஏழு வேக ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்குச் சுமார் 2.9 மி.மீ. இழுக்கும். அதை 1.2 ஆல் பெருக்கினால் டெரெய்லர் நகர்வது ஏறத்தாழ 3.5 மி.மீ. ஆனால் பத்து வேகக் கேசட்டில் பற்களின் இடைவெளி ஏறத்தாழ 3.95 மி.மீ. ஒரு சொடுக்குக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவதால், மூன்றாவது சொடுக்கிலேயே செயின் இரண்டு பற்களுக்கு நடுவில் உரசிக்கொண்டு நிற்கும். எவ்வளவு திறமையான மெக்கானிக்கும் கேபிளை முறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. பத்து வேகத்துக்கான எம்4100 வலப்புற ஷிஃப்டரையே வாங்குங்கள். பத்து வேகச் சாலைச் சைக்கிள் ஷிஃப்டர் யாராவது கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எண் ஒன்றாக இருந்தாலும் அது இழுக்கும் அளவு வேறு.

ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே துண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் கணக்கில் சேர்க்க மறக்கும் செலவு இங்கேதான் வருகிறது. ஷிஃப்டரைக் கழற்றினால் பிரேக் லீவரும் போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் தனி லீவர்கள் தேவைப்படும். பெரும்பாலான மலைச் சைக்கிள்களில் உள்ள கேபிள் டிஸ்க் பிரேக்குக்கு வி-பிரேக்குக்கு உரிய நீண்ட இழுப்பு லீவர்தான் சரி. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருபவர் என்பதால், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எண்ணெயால் இயங்கும் பிரேக்குக்கே மாறிவிடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஷிமானோ பிரேக்கில் அந்நிறுவனத்தின் மினரல் எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். டாட் வகைத் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போய், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகக்கூடும்.

ஃபோர்க் பற்றி இங்கே அதிகம் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

மறுமொழி 2
எழுதியவர்: நீலகிரி மண்பாதை

ஃபோர்க் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் நண்பரின் ஃபோர்க்கில் தண்டின் மேற்பகுதி 28.6 மி.மீ., அடிப்பகுதி ஒன்றரை அங்குலம். பேரிங் வளையம் உட்காரும் இடத்தில் 39.8 மி.மீ. இருக்கும். உங்கள் சட்டகத்தில் ஃபோர்க் தண்டு நுழையும் தலைக்குழாயின் உள்விட்டம் 34 மி.மீ. என்றால் அதில் இந்தத் தண்டு நுழையவே வழியில்லை. எந்த இடைவளையமும் உதவாது. உள்விட்டம் 44 மி.மீ. என்றால், கீழே வெளிப்புறக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி இவ்வகைத் தண்டை ஏற்றலாம். ஹேண்டில்பாரைக் கழற்றி, ஃபோர்க்கை இறக்கி, வெர்னியர் அளவியால் குழாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். குழாய்க்கு வெளியே மேலும் கீழும் கிண்ணங்கள் துருத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் 34 தான்.

தலைக்குழாய் ஒத்துவந்தாலும் வேலை முடியாது. அந்த ஃபோர்க்கின் அச்சு 15 மி.மீ. தடிமன் கொண்டதாக இருந்தால் உங்கள் 9 மி.மீ. விரைவுப் பிடிச் சக்கரம் அதில் சேராது. 100 மி.மீ. அகலமா, 110 மி.மீ. அகலமா என்பதையும் பார்க்க வேண்டும். ஆக, இலவசமாக வரும் ஃபோர்க்குக்காக முன் சக்கரம் ஒன்றும் தலை பேரிங் தொகுதி ஒன்றும் வாங்க வேண்டியதாகிவிடும்.

மூன்றாவது விஷயத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. 100 மி.மீ.க்காக வடிவமைத்த சட்டகத்தில் 120 மி.மீ. ஃபோர்க்கை ஏற்றினால் முன்புறம் உயர்ந்து, தலைக்குழாயின் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை சாய்ந்துவிடும். இறக்கத்தில் அது நிதானம் தரும். ஆனால் ஏற்காட்டுச் சாலை போன்ற நீண்ட ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி அலைபாயும். நீளமான ஃபோர்க் தலைக்குழாயின் பற்றவைப்பில் கூடுதல் விசையையும் செலுத்துகிறது. தொடக்கநிலைச் சட்டகங்களில் அந்த ஆபத்தை நான் ஏற்க மாட்டேன். நேரான தண்டும் 100 மி.மீ. அசைவும் விரைவுப் பிடியும் கொண்ட காற்று ஃபோர்க்குகள் கிடைக்கின்றன. அத்தகைய ஒன்றுக்காகக் காத்திருங்கள்.

காற்று ஃபோர்க் வந்தபின், வழக்கமாக எடுத்துச் செல்லும் தண்ணீர்ப் பையோடு சைக்கிள் மேல் ஏறி நின்று, ஃபோர்க் எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். 100 மி.மீ.யில் 20 முதல் 25 மி.மீ. அமிழும்படி காற்றழுத்தத்தை வைத்தால் தோட்டப் பாதைகளின் வேர்களிலும் கற்களிலும் டயர் தரையை விடாமல் செல்லும்.

மறுமொழி 3
எழுதியவர்: மூன்று வளையம்

மேலே எழுதிய இருவரும் சொன்ன தொழில்நுட்பம் முழுவதும் சரியானது. ஆனால் மாற வேண்டுமா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை என்பதால், சற்று மாறுபட்ட கருத்தை முன்வைக்கிறேன்.

உங்களிடம் இப்போதுள்ள மிக இலகுவான கியர் 24/34, அதாவது 0.71. புதிய அமைப்பில் 32 பல் வளையம் போட்டால் மிக இலகுவானது 32/42, அதாவது 0.76. செலவு செய்தபின் ஏற்றம் இன்னும் கடினமாகவே இருக்கும்! மேல் கியரும் பழையதில் 42/14 என்று 3.0 வருகிறது; புதியதில் 32/11 என்று 2.9 தான். இரண்டு முனையிலும் எதுவும் கூடவில்லை. முன் டெரெய்லரை ஒழுங்காகச் சரிசெய்து, கேபிளை மாற்றினால் பழைய அமைப்பே இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். புதிய பாகங்களை மாற்றித் தரும்படி கடையில் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 4
எழுதியவர்: கோவைப் பட்டறை

நண்பர் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார். 32 பல் வளையம் இவருக்கு ஏற்றதல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முனைகளை மட்டும் பார்த்துவிட்டு நடுவைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

14-34 ஃபிரீவீலின் பற்கள் 14, 16, 18, 20, 22, 24, 34 என்று போகின்றன. கடைசித் தாவலில் 24இலிருந்து 34க்கு ஒரேயடியாகப் பத்துப் பற்கள் கூடுகின்றன. நாற்பது விழுக்காட்டுக்கும் அதிகமான இந்தத் தாவலை ஏற்றத்தில் ஓட்டிய எவருடைய கால்களும் மறக்காது. 24/34 என்பது 0.71, அடுத்தது 24/24, அதாவது 1.0. நடு வளையத்துக்குப் போனாலும் 34/34 மீண்டும் அதே 1.0 தான். இடையில் எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 60 முறை பெடல் சுற்றினால், 27.5 அங்குலச் சக்கரத்தில் முதல் கியரில் மணிக்கு ஏறத்தாழ 5.5 கி.மீ., அடுத்ததில் 7.7 கி.மீ. மலைச்சாலையில் நாம் பெரும்பாலான நேரத்தைக் கழிப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேகத்தில்தான். ஒன்றில் கால் வெறுமனே சுழலும், மற்றொன்றில் முழங்கால் வலிக்கும்.

புதிய கேசட்டின் பெரிய பற்கள் 28, 32, 37, 42. முன்னால் 30 பல் வளையம் வைத்தால் கீழிருந்து 0.71, 0.81, 0.94, 1.07 என்று வரும். அடி கியர் இப்போது இருப்பதைப் போலவே இருக்க, நடுவில் இருந்த பள்ளத்தில் இரண்டு படிகள் கிடைக்கின்றன. மேல் முனையில் 30/11 என்பது 2.7, நிமிடத்துக்கு 80 சுற்றில் மணிக்கு 28 கி.மீ. இறக்கத்தில் அதற்கு மேல் பெடல் போட வேண்டிய தேவை இவருக்கு இராது. இன்னும் இலகுவாக வேண்டுமென்றால், 11-42க்குப் பதில் 11-46 கேசட்டை மாற்றி வாங்கலாம். எம்4120 பத்து வேக அமைப்பில் 46 பல் வரை ஏற்கும்.

எம்4120இல் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எம்5120இல் இருப்பதுபோல செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் இதில் இல்லை. ஆகவே முன் வளையம், பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் இருக்கும் வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண வளையத்தைப் போட்டால் கரடுமுரடான இறக்கத்தில் செயின் கழன்றுவிடும்.

பெடல் கரங்களும் முன் வளையங்களும் சேர்ந்த உங்கள் கிராங்கையும் பாருங்கள். 42-34-24 தொடக்கநிலைக் கிராங்குகளில் வளையங்கள் பெரும்பாலும் தறையாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் கிராங்கையே மாற்ற வேண்டும்.

செலவு ஒரே நேரத்தில் அதிகமாகிவிடும் என்று தோன்றினால் இப்படிச் செய்யலாம். முதலில் சக்கரத்தை மட்டும் மாற்றி, ஏழு வேகக் கேசட் ஒன்றை 4.5 மி.மீ. இடைவளையத்துடன் அதே ஃபிரீஹப்பில் ஏற்றிவிடுங்கள். பழைய ஷிஃப்டர், டெரெய்லர், செயின், கிராங்க் அனைத்தும் அப்படியே வேலை செய்யும். 12-32 போட்டால் அடி கியர் 0.75 ஆகக் கொஞ்சம் கடினமாகும், ஆனால் அந்தப் பெரிய தாவல் போய்விடும். மீதிப் பாகங்களை நிதானமாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு பத்து வேகத்துக்கு மாறலாம்.

மறுமொழி 5
எழுதியவர்: ஏற்காட்டுச் சாலை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி சக்கரத்தைக் கழற்றிப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்தேன். பள்ளங்கள் அசையவில்லை; ஃபிரீவீல்தான். சுழற்றும்போது அச்சின் முனை லேசாக வட்டமிடுவதையும் கவனித்தேன், அது ஏற்கெனவே வளைந்திருக்கிறது போலும். பின் கால்களின் இடைவெளி 135 மி.மீ. தலைக்குழாயின் உள்விட்டம் 34 மி.மீ. என்பதால் நண்பரின் ஃபோர்க்கை நன்றியோடு மறுத்துவிட்டேன். கிராங்க் வளையங்கள் தறையாணியால் பிணைக்கப்பட்டவையே.

முதலில் சக்கரமும் ஏழு வேகக் கேசட்டும், பிறகு கிராங்க், பத்து வேகச் செயின், ஷிஃப்டர், எண்ணெய் பிரேக் என்ற வரிசையில் செய்ய முடிவு செய்திருக்கிறேன். கிராங்கை நானே மாற்ற விரும்புகிறேன். கிராங்கின் அச்சு சுழலும் சட்டகத்தின் அடிக்கூடு மரையிட்டது, அகலம் 68 மி.மீ. கவனிக்க வேண்டியவற்றைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 6
எழுதியவர்: கோவைப் பட்டறை

வளைந்த அச்சோடு இனி மலை ஏற வேண்டாம்; சக்கரம் வரும்வரை ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

அடிக்கூட்டில் வலப்புறக் கிண்ணத்தின் மரை தலைகீழானது. கழற்ற வலஞ்சுழியாகவும், இறுக்க இடஞ்சுழியாகவும் திருப்ப வேண்டும். இடப்புறம் வழக்கமான மரை. பெடல்களில் இதற்கு மாறாக இடப்பக்கம் தலைகீழ் மரை. இரண்டையும் குழப்பிக்கொண்டு நீண்ட குழாயை மாட்டி முறுக்கி, சட்டகத்தின் மரையையே உரித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 24 மி.மீ. அச்சுடைய ஷிமானோ மலைச் சைக்கிள் கிராங்க் வாங்கினால், 68 மி.மீ. கூட்டுக்கு 2.5 மி.மீ. இடைவளையங்கள் வலப்புறம் இரண்டு, இடப்புறம் ஒன்று வர வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள்.

செயின் நீளத்துக்கு, டெரெய்லர் வழியாகச் செலுத்தாமல் முன் வளையத்தையும் பின்னால் 42 பல்லையும் சுற்றிச் செயினை இழுத்துப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணிகளைக் கூட்டி வெட்டுங்கள். அதன்பின் டெரெய்லரைத் தாங்கும் தொங்கு தகடு நேராக இருக்கிறதா என்று ஒரு பட்டறையில் அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டு ஓடிய சைக்கிளில் அது சற்றேனும் வளைந்திருக்கும்; அது வளைந்திருக்கும்வரை ஷிஃப்டரை எவ்வளவு சரிசெய்தாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடும். தகடு நேரானபின் மேல், கீழ் எல்லைத் திருகுகளை அமைத்து, செயினை 42 பல்லில் வைத்து, மேல் உருளை அந்தப் பற்களில் உரசாத அளவுக்குப் பி திருகை இறுக்குங்கள். கேபிளின் இழுவிசையை அதன் பிறகே தொட வேண்டும்.